சீப்புக்கு ஒன்று

வாக்குச்சாவடி இருநூற்றுப் பதினேழு.
கல்லூத்து, ஒன்றியத் தொடக்கப்பள்ளி,
சாப்டூர் மலைக்கு அடியில்.
பதிவானது அறுபத்தொன்று.

எண்ணி முடித்த மறுநாளே
ஒச்சுக்காளை தாளோடு வந்துவிட்டார்.
எந்தச் சாவடியில் எதற்கு எத்தனை என்று
எந்திரம் தனித்தனியாகத்தான் ஒப்பிக்கிறது.
ஊரோடு ஊரைக் கலந்து எண்ணும் வழக்கமில்லை.

நாப்பத்தேழு நம்மது, என்றார்.
பதினொண்ணு அவங்களது. எந்தெந்த வீடுன்னு தெரியும்.
நோட்டா ரெண்டு. போகட்டும்,
கண்ணு தெரியாததுக அமுக்கியிருக்கும்.
சீப்பு ஒண்ணு.
யாருடா அது சீப்பு?

நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அட்டை மறைப்புக்குள் நான் நின்றது கொஞ்ச நேரம்.
எதிர்ச்சுவரில் மனித உள்ளுறுப்புகளின் படம்,
குடலுக்கு எவனோ ஒரு பையன்
கண்ணும் மீசையும் வரைந்திருந்தான்.
அமுக்கினேன். பீப் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது.
கண்ணாடிக்குள் சீப்புப் படம் போட்ட சீட்டு
ஏழு நொடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது,
பிறகு அறுந்து விழுந்தது.
கிணற்றில் போட்ட கல் என்றுதான் நினைத்தேன்.

ஏன் சீப்பு என்று கேட்காதீர்கள்.
வீட்டுக்காரரிடம் சொல்லாததை
உங்களிடம் சொல்வேனா?

ஊர் யோசித்தது,
தனக்கு யோசிக்கத் தெரிந்த மாதிரி.
சீப்பென்றால் சங்கிலி.
முடிவெட்டுறவன் வேறு எதுக்குப் போடுவான்?

நிலா சலூனுக்கு ஆள் போகவில்லை.
கவரைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தார்.
ஆம்பளைகள் தாடியோடு திரிந்தார்கள்,
ஊரே இழவு வீடு மாதிரி.
என் வீட்டுக்காரர் சவரத்துக்குப்
பேரையூருக்கு பஸ் ஏறினார்.
ராத்திரி மகளுக்கு நான் தலைவாரும்போது
கையில் இருந்ததைப் பார்த்து
அதையும் திட்டினார்.

நான் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

எனக்கு மட்டும் தெரிந்த இன்னொன்றும் இருந்தது:
சங்கிலி அன்றைக்கு ஓட்டே போடவில்லை.
வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றது நான்.
பட்டியலில் அவர் முகத்தின்மேல்
குறுக்கே அடித்திருந்தது, நீக்கம் என்று.
அதிகாரியம்மா, மேலூர்ப் பக்கத்து டீச்சர்,
குரலைத் தாழ்த்தினாள்:
வீடு மாறிப் போயிட்டதா போட்டிருக்கே?
பொறந்ததுலருந்து இதே வீடு தாயீ, என்றார்.
அட்டையை எடுத்துக் காட்டினார்.
அட்டை இருந்தால் போதாதாம்.
ஏஜெண்டுகள் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கப் போயிருந்தார்கள்.
போட்டுவிட்டவர் போலவே விரலை உதறிக்கொண்டு
அந்தப் பக்கத்து வாசல் வழியாக வெளியேறினார்.

இரண்டு வாரம் போனால் தாடி அரிக்கும்.
ஒவ்வொருவராக வந்து
பேசாமல் தலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
காசை மட்டும் கையில் தராமல் பலகையில் வைத்தார்கள்.

ஆடியில் பையனுக்கு கிராப் வெட்ட
நானே கூட்டிக்கொண்டு போனேன்.
சொல்லிரலாமேண்ணே,
பட்டியல்லயே பேரில்லைன்னு.

கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்:
போட்டவன்னு திட்டுறாங்க. திட்டட்டும்.
போடவே ஆகாதவன்னு தெரிஞ்சா
திட்டக்கூட மாட்டாங்கம்மா.

அப்படியானால் போட்டது யார் என்று
அவர் கேட்கவில்லை.
கேட்பாரோ என்று
பையனின் முடி விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் எனக்கு வைத்த மை
நகத்தோடு நுனிவரை ஏறிவிட்டது.
இன்னும் இரண்டு முறை வெட்டினால் போய்விடும்.
பையனின் காதை மடித்துப் பிடித்திருந்த
அவருடைய இடது ஆட்காட்டி விரலில்
கோடு ஈரம் காயாதது போல் இருந்தது.

பவுடர் டப்பாவுக்குப் பின்னால்
முடிச்சாயக் கிண்ணம்.
அதில் ஒரு தீக்குச்சி,
மருந்துமுனை மேலே.